நாற்பத்திரண்டு கேள்வியும் ஆறு கட்டமும்

அந்த வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பில் சோறு கொதிக்கும். பக்கத்திலேயே பாய்லரும் கொதிக்கும். சோறு நிஜம், பாய்லர் மட்டும் வாய்ப்பாடு.

"பாதுகாப்பு வால்வு என்றால் என்ன?" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே அண்ணி, வீட்டுக்காரரின் அக்கா, கேட்பாள்.

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஒப்பிப்பார். "கொதிகலனில் நிர்ணயித்த அளவுக்கு மேல் அழுத்தம் கூடும்போது தானாகவே திறந்து, நீராவியை வெளியேற்றி..."

"'மிகை நீராவியை'. மிகையை விட்டுட்டே. முதல்லேர்ந்து சொல்லு."

"அர்த்தம் ஒண்ணுதானேக்கா?"

"அர்த்தத்துக்கா மார்க்கு போடுறாங்க? இருக்கிறதை அப்படியே சொல்லு."

வீட்டுக்காரருக்கு வயது நாற்பத்து மூன்று. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினான்கு வருஷமாகப் பாய்லர் பார்க்கிறார். அந்த இரும்புத் தொட்டி எழுப்பும் சத்தத்தை வைத்தே அதன் வயிற்றில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். விடிகாலை ஐந்து மணிக்கு அவர் தீ மூட்டினால்தான் ஆறு மணிக்குப் படுக்கை விரிப்புகள் வேகும். ஆனால் பாய்லர் இயக்குவதற்கான சான்றிதழ் கிடையாது. அதற்கான தேர்வை இரண்டு தடவை எழுதி, ஒருமுறை நாற்பத்தொன்று, ஒருமுறை ஐம்பத்திரண்டு. தேறுவதற்கு அறுபது வேண்டும். இப்போது புது விதி வந்துவிட்டது. சான்றிதழ் இல்லாதவர் அடுத்த தேர்வோடு பாய்லர் அறையை விட்டு வெளியே வரவேண்டும். விரிப்பு மடிக்கும் பகுதியில் ஒரு மேசை தருவார்கள். அதற்குப் பிறகும் வருஷ முடிவுக்குள் தேறாவிட்டால் அந்த மேசையும் போய்விடும்.

அதனால்தான் அக்கா களத்தில் இறங்கினாள். தம்பி வீட்டோடு இருப்பவள், தையல் வேலை செய்கிறவள், எடுத்த காரியத்தைப் பாதியில் விடாதவள். தொழிற்பள்ளியின் கேள்வித் தொகுப்பில் மொத்தம் நாற்பத்திரண்டு கேள்விகள். பதினோரு வருஷமாக அவற்றையே மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒரு வருஷம் முன்னே கேட்டது மறுவருஷம் பின்னே போகும், அவ்வளவுதான். அண்ணி அதைக் கண்டுபிடித்து, எட்டு மாதமாகத் தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் சோற்றுப் பானையைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆள் வீட்டுக்காரரின் மனைவி. அதே தொழிற்பள்ளியில் பகல் வகுப்பு எடுக்கிற ஆசிரியை. அதற்கு முன்னால் ஒரு பால் ஆலையில் ஒன்பது வருஷம் பாய்லர் ஓட்டியவள். படிக்கிறவர்கள் அவளைப் 'பாய்லரம்மா' என்பார்கள். கோபம் வந்தால் அந்தப் பெயருக்கு இன்னும் பொருத்தமாக இருப்பாள். பெண்டாட்டி வகுப்பில் கைகட்டி உட்கார மாட்டேன் என்று வீட்டுக்காரர் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தார். அங்கே பாடம் நடத்துகிறவர் கணக்கு சார்.

அன்று சாயங்காலம் பாய்லரம்மாவுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. சோறு வடித்து முடிக்கும் வரை வாயைத் திறக்கவில்லை.

"கேள்வித்தாள் போடற பெரிய சார் ஓய்வு பெற்றுட்டாரு. இந்தத் தடவை கேள்வித்தாள் திட்டம் என்னைப் போடச் சொல்லியிருக்காங்க."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததைப் பாய்லரம்மா தன் கல்யாண நாளில்கூடப் பார்த்ததில்லை.

"அட, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி! அப்ப இவன் பாஸுன்னு சொல்லு."

"இல்ல அண்ணி. அந்த நாற்பத்திரண்டையும் நான் தூக்கப் போறேன்."

வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "எட்டு மாசம்," என்றார். "வேலை முடிஞ்சு வந்து, கண்ணு எரிய எரிய, எட்டு மாசம்."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுதான் செய்யறியா?"

அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். போன வருஷம் அவளிடம் படித்த ஒருவன் எண்பத்து நான்கு மார்க் வாங்கினான். சான்றிதழோடு ஒரு சாயத் தொழிற்சாலைக்குப் போனான். மூன்றாவது மாதம் நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை. பதறிப்போய்த் தண்ணீர் பம்பைப் போட்டுவிட்டான். பழுக்கக் காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர். குழாய்கள் பிளந்து ஆவி சீறியதில் பக்கத்தில் நின்றவருக்குத் தோளிலிருந்து விரல்வரை வெந்துபோனது. முதலில் தீயை அணை, தண்ணீர் விடாதே, பாய்லரைத் தானாக ஆறவிடு. இதை அவள் வகுப்பில் சொல்லியிருந்தாள். ஆனால் நாற்பத்திரண்டில் அந்தக் கேள்வி கிடையாது. கேட்காத பாடத்தை எவன் படிப்பான்? 'நீர்மட்டக் கண்ணாடி என்றால் என்ன' என்பதற்கு அவன் முழு மார்க் வாங்கியிருந்தான். அந்த விடைத்தாளைத் திருத்தியவளும் அவள்தான்.

சாப்பிட்டு முடித்ததும் போன வருஷக் கேள்வித்தாளையும் வெள்ளைத் தாளையும் அண்ணி முன்னால் வைத்தாள்.

"இதை நீங்க எழுதுங்க அண்ணி."

"நானா? நான் பாய்லரைக் கண்ணால பார்த்ததுகூட இல்லையே. அது வட்டமா, சதுரமான்னே தெரியாது."

"அதுக்காகத்தான் சொல்றேன்."

அண்ணிக்குச் சவால் என்றால் சர்க்கரை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முத்து முத்தான எழுத்தில் இரண்டு மணி நேரம் எழுதினாள். வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லரம்மா சிவப்புப் பேனாவை எடுத்து, பள்ளியில் எப்படித் திருத்துவாளோ அப்படியே நேர்மையாகத் திருத்தினாள்.

எழுபத்தொன்று.

அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாடா! எனக்குச் சர்டிபிகேட்டு குடுத்துடுவாங்களா?"

"குடுத்துடுவாங்க அண்ணி," என்றாள் பாய்லரம்மா. "நாளைக்கே ஆஸ்பத்திரி பாய்லரை உங்க கையில குடுப்பாங்க. அதுக்குப் பக்கத்துல நின்னு சலவைக்காரங்க முந்நூறு நோயாளிக்குத் துணி வெளுப்பாங்க. சரியா?"

அண்ணியின் சிரிப்பு மெல்ல இறங்கிப்போனது. அவள் கெட்டிக்காரி. "அடப் பாவமே," என்றாள்.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. பாய்லரம்மா அந்த விடைத்தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நேராக முதல்வர் அறைக்குப் போனாள். முதல்வர் கெட்டவர் இல்லை. எதற்கும் ஒரு கடிதம் இருந்தால் நிம்மதியாகத் தூங்குகிற மனிதர்.

"பதினோரு வருஷமா ஒரு புகார் வந்ததில்லையேம்மா?"

"பாஸானவங்க ஏன் சார் புகார் குடுக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு உறையை நீட்டினாள். "இதைப் பாருங்க. எழுபத்தொண்ணு. எழுதினவங்க எங்க வீட்டு அண்ணி. தையல் வேலை. பாய்லர் வட்டமா சதுரமான்னே தெரியாதுன்னாங்க."

முதல்வர் தாளைப் புரட்டினார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்.

"இன்னொண்ணும் சொல்லணும் சார். இந்தத் தேர்வை என் வீட்டுக்காரரும் எழுதறாரு. அதனால கேள்வியை நான் எழுத மாட்டேன், பார்க்கவும் மாட்டேன். திட்டம் மட்டும் போடறேன். எதுக்கு எத்தனை மார்க்குங்கறதை நோட்டீஸ் போர்டுலயே ஒட்டிடலாம். கேள்வியைக் கணக்கு சாரும் வெளியாள் இன்ஜினியர் ஒருத்தரும் எழுதட்டும்."

"போர்டுல ஒட்டறதா? தேர்வுன்னா ரகசியம் வேண்டாமா?"

"கேள்விதான் சார் ரகசியம். என்ன தெரிஞ்சிருக்கணுங்கறது எதுக்கு ரகசியம்? பாடப் புத்தகத்துல முதல் பக்கத்துலயே போட்டிருக்கு. 'இப்பயிற்சியின் முடிவில் மாணவர் செய்யவல்லவை'ன்னு ஆறு நோக்கம் இருக்கு. யாரும் படிக்கிறதில்லை, அவ்வளவுதான்."

முதல்வரும் படித்ததில்லை என்பது அவர் அலமாரியில் புத்தகத்தைத் தேடிய தேடலிலேயே தெரிந்தது. இதையெல்லாம் கடிதமாக எழுதிக் கொடுத்தால் சம்மதம் என்றார். உட்கார்ந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்தாள்.

நான்கு நாள் அவளுக்கு வேறு சிந்தனையே இல்லை. ஆசிரியர் அறையின் மூலை மேசையில் கட்டம் போட்ட பெரிய தாளை விரித்து, பென்சிலும் அழிப்பானுமாக உட்கார்ந்தாள். இடது பக்கம் ஆறு நோக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். பாகங்களும் அவற்றின் வேலையும், தீ மூட்டுவதும் அணைப்பதும், தண்ணீர்ச் சோதனை, பதிவேடும் கணக்கும், ஆபத்து வேளை, சட்டம். மேலே மூன்று பத்திகள்: சொல்லத் தெரிய வேண்டியது, விளங்கிக்கொள்ள வேண்டியது, செய்யத் தெரிய வேண்டியது. பழைய கேள்வித்தாள்களை அந்தக் கட்டத்தில் போட்டுப் பார்த்தாள். எண்பது மார்க் 'சொல்லத் தெரிய வேண்டியது' பத்தியில் போய்க் குவிந்தது. ஆபத்து வேளைக்கு எதிரே பதினோரு வருஷமும் ஒரு புள்ளிகூட விழவில்லை. 'என்றால் என்ன' கேள்விகளைத் திருத்துவது சுலபம், அதனால்தான் பெரிய சார் அங்கேயே குடியிருந்தார். அவரைக் குறை சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. எழுபது தாளைத் திருத்துகிற கை எதைக் கேட்கும் என்று அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை திட்டம் தயார். அழகான தாளில் படியெடுத்து, தேர்வுக்கு ஆறு வாரம் முன்னதாக, அவளே போர்டில் ஒட்டினாள். ஒட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். நன்றாகச் செய்திருக்கிறோம் என்றுதான் தோன்றியது.

அன்று மாலை வகுப்பு முடிந்து வீட்டுக்காரர் நனைந்து வந்தார். துண்டை வாங்கித் தலை துவட்டிக்கொண்டு, கைலியை மாற்றிக்கொண்டு, தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

"போர்டுல பார்த்தேன்," என்றார்.

"எப்படி இருக்கு?"

"எனக்கு நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதான் சாப்பாடு இறங்கலை."

"என்னாச்சுன்னு சொல்லுங்க."

"ஒருத்தன் முதுகுல தட்டினான். 'அண்ணே, உங்க வீட்டுல போட்ட கட்டமா? உங்களுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

அண்ணி குறுக்கே வந்தாள். "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? விடுடா. கேள்வியை இவ எழுதலையே."

"நானும் அதைத்தான் அவன்கிட்ட சொன்னேன்க்கா. சொல்லிட்டு மறுபடி போய்ப் பார்த்தேன்." மனைவி பக்கம் திரும்பினார். "ஆபத்து வேளைக்கு எத்தனை மார்க்கு போட்டிருக்கே?"

"முப்பது."

"எத்தனை மணி நேரம் வகுப்பு?"

"இருபத்து நாலு."

"பதிவேடும் கணக்கும், அதுக்கு?"

அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "எட்டு."

"வகுப்பு எத்தனை மணி?"

"இருபத்திரண்டு."

"ரெண்டு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு பக்கம் முப்பது, ஒரு பக்கம் எட்டு. எனக்குக் கணக்கு வராதுதான். ஆனா இந்தக் கணக்கு எனக்கே வருதும்மா."

"அது... அந்தப் பையனுக்கு நடந்ததை நினைச்சுப் போட்டேன். இன்னொருத்தர் வேகக் கூடாதுன்னு போட்டேன். உங்களை நினைச்சு இல்லை."

"முப்பதுக்கு அந்தப் பையன் சரி. எட்டுக்கு யாரு?"

பாய்லரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கட்டம் போட்ட நான்கு நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததாக அவள் நினைத்திருந்தாள். 'கணக்கு' என்று எழுதி எதிரே எண் போடும்போது மட்டும் பென்சில் எப்படிச் சுருங்கியது? வீட்டுக்காரர் பதிவேட்டைத் தொடவே மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். பதினான்கு வருஷமாக அடுத்த ஷிப்டுக்காரர்தான் அவருக்காக எழுதித் தருகிறார். அவர் சத்தத்தைக் கேட்டு 'நல்லாப் போகுது' என்பார், மற்றவர் எண்ணாக எழுதுவார். அந்த ரகசியம் தெரிந்த கைதான் எட்டு போட்டது. அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"மன்னிச்சிடுங்க," என்றாள்.

"மன்னிப்பு எதுக்கு? பெத்த பிள்ளைக்கு ஊட்டற மாதிரி ஊட்டியிருக்கே. ஆனா எனக்கு வேணாம். அவனுங்க முன்னால பாய்லரை ஓட்டணும் நான். சர்டிபிகேட்டைத் தூக்கி மாட்டினா, 'வீட்டுல போட்டது'ன்னு எவனும் சொல்லக் கூடாது."

"டேய், வாய்ல வந்து விழுந்த சோத்தைத் துப்பறியா?" அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "கணக்கைக் கூட்டினா நீ தேறுவியா?"

"தெரியலைக்கா." அப்புறம்தான் சோற்றைப் பிசைந்தார். "ஆறு வாரம் இருக்குல்ல."

திங்கட்கிழமை பாய்லரம்மா முதல்வர் அறையில் மறுபடி நின்றாள்.

"ஒட்டினதைக் கிழிக்கறதா? நம்ம மானம் என்னாகும்மா?"

"கிழிக்க வேண்டாம் சார். பழசு அப்படியே இருக்கட்டும். பக்கத்துல புதுசு ஒட்டறேன். எதை ஏன் மாத்தினேன்னு கீழே எழுதிக் கையெழுத்தும் போடறேன்."

"'ஏன்'னு என்ன எழுதுவீங்க?"

"'திட்டமிட்டவரின் பிழை'ன்னு எழுதுவேன்."

அப்படியே எழுதினாள். ஆபத்து வேளை முப்பதிலிருந்து இருபத்திரண்டு. கணக்கு எட்டிலிருந்து பதினாறு. மற்ற நான்கும் இருந்தபடியே. ஆபத்து வேளைக்கு மட்டும் வகுப்பு நேர விகிதத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்ததற்கு, அதில் பிழை செய்தால் ஆள் வேகும் என்று ஒரு வரி காரணம் எழுதினாள். படிக்கிறவர்கள் கூட்டமாக நின்று படித்தார்கள். முதுகில் தட்டியவன் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். கணக்கு சார் மட்டும் அவளிடம் வந்து, "நம்ம பாடத்துக்கு இப்பதான்ம்மா மரியாதை வந்திருக்கு," என்று சொல்லிச் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

அந்த ஆறு வாரமும் வீட்டில் ஒப்பிக்கிற சத்தம் இல்லை. அண்ணிக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது. 'கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை, முதலில் என்ன செய்வாய்' என்று கேட்டால், தம்பி வெங்காயக் கூடையையும் அண்டாவையும் வைத்து நடித்தே காட்டினார். அண்ணிக்கே பாய்லர் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. கணக்கு வந்தால் மட்டும் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்றே ஐந்து வாரம் ஓடியது. ஆறாவது வாரம் சலவைக்கூடத்தில் ஒரு ஆள் விடுப்பு, இரட்டை ஷிப்டு. சொல்லிக் கொடுக்கட்டுமா என்று பாய்லரம்மா இரண்டு தடவை கேட்டாள். பெண்டாட்டியிடம் பாடம் கேட்க அவருக்கு இன்னமும் மனம் இடம் கொடுக்கவில்லை.

தேர்வு நடந்தது. அன்று அவள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். விடைத்தாள்களை வெளியிலிருந்து வந்தவர்கள் திருத்தினார்கள்.

முடிவு வந்த நாள் வீட்டுக்காரர் நாலு மணிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தாள், கக்கத்தில் ஒரு நீளப் புத்தகம். தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். இந்தத் தடவை மார்க்கை மொத்தமாக மட்டும் தரவில்லை. திட்டத்தில் இருந்த ஆறு கட்டமும் அதில் இருந்தன.

பாகங்கள் பதினாறுக்கு ஒன்பது. தீ மூட்டல் இருபதுக்குப் பதினைந்து. தண்ணீர்ச் சோதனை பதினாறுக்கு எட்டு. சட்டம் பத்துக்கு மூன்று. ஆபத்து வேளை இருபத்திரண்டுக்கு இருபத்தொன்று. கணக்கு பதினாறுக்கு இரண்டு.

ஐம்பத்தெட்டு.

பாய்லரம்மாவின் மனசு அவளைக் கேட்காமலே கணக்குப் போட்டுவிட்டது. பழைய தாள் போர்டில் இருந்தபடியே இருந்திருந்தால் அறுபத்தைந்து. அவள் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"அன்னிக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா..."

"பாஸு," என்றார் அவர். "பஸ்ஸுல வரும்போது நானும் கூட்டிப் பார்த்தேன். தப்பாக் கூட்டியிருப்பேனோன்னு ரெண்டு தடவை கூட்டினேன்."

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாளையிலேர்ந்து எங்கேடா?"

"மடிக்கிற மேசை. சாவியைக் குடுத்துட்டேன்." சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். "பதினாலு வருஷம். இன்னிக்குத் தீயை அணைக்கும்போது ஒரு மாதிரி ஆயிடுச்சு."

வெளியே பஸ் ஒன்று தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

பிறகு அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, கணக்கு என்ற வரியில் விரலை வைத்தார்.

"முன்னாடி ரெண்டு தடவையும் மொத்த மார்க்கைப் போட்டு ஃபெயிலுன்னு மட்டும்தான் சொன்னாங்க. அதனால நான் முட்டாள்னு நினைச்சேன். உங்க ரெண்டு பேர் கிட்டயும் சொன்னதில்லை, ஆனா அப்படித்தான் நினைச்சேன். இப்பதான் எதுலன்னு எழுதியிருக்காங்க." விரலால் அந்த எண்ணைத் தட்டினார். "இவ்வளவுதான். இந்த ஒரு கட்டம்தான்."

கக்கத்திலிருந்த நீளப் புத்தகத்தைப் பிரித்தார். பாய்லர் பதிவேடு, ஒரு வரிகூட எழுதாத புதுசு. அடுத்த ஷிப்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"அடுத்த தேர்வுக்கு அஞ்சு மாசம் இருக்கு. உட்காரு. சொல்லிக் குடு."

பாய்லரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, நீயும் உட்காரு. இது உனக்கும் தெரியாது. இதை ஒப்பிக்க முடியாது."

அண்ணி முணுமுணுத்துக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்தாள்.

"எட்டு மணி நேர ஷிப்டு," என்றாள் பாய்லரம்மா. "பாய்லர் மூவாயிரத்து அறுநூறு லிட்டர் தண்ணி எடுத்திருக்கு. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?"

அவர் பென்சிலை உளி பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு போட்டார். உதடு அசைந்தது, நெற்றி வியர்த்தது. வெகுநேரம் கழித்துத் தாளை அவள் பக்கம் திருப்பினார். நானூற்று ஐந்து என்று இருந்தது.

'கிட்டத்தட்ட வந்துட்டீங்க' என்று அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"தப்புங்க. மறுபடி போடுங்க."

அவர் அழிக்கவில்லை. அதன்கீழ் ஒரு கோடு இழுத்துவிட்டு, முதலிலிருந்து போட ஆரம்பித்தார்.